தூக்கு அம்மா: 22 வார வயிறும் 2 வயது மகளும் அந்தமானும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய்ச் சேர்ந்த முதல் ராத்திரி, இடுப்பு வலியில் தூக்கம் வராமல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தாம்பரத்தில் வீட்டு வாசலில் கார் ஏறியதிலிருந்து இங்கே கட்டிலில் விழும் வரை மகளை நான் தூக்கியது 17 தடவை. காரில் ஏற்ற, இறக்க. விமான நிலையச் சோதனையில் தட்டில் இருந்த பொம்மை வேண்டும் என்று அவள் தரையில் புரண்டபோது. விமானக் கழிப்பறையில் இரண்டு முறை. படகுத்துறைப் பலகையில். வாந்தி எடுத்த பிறகு. அவள் எடை 12 கிலோ. என் வயிற்றில் இன்னொன்று, 22 வாரம்.

கிளம்புவதற்கு முன் நான் கவலைப்பட்டதெல்லாம் வேறு. விமானத்தில் ஏதாவது ஆகுமா, கடலில் கால் வைக்கலாமா, மீன் சாப்பிடலாமா. கூகுளில் தேடினாலும் அதுதான் வரும். கடைசியில் என்னை ஆட்டிவைத்தது இந்த 12 கிலோதான். இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். 15வது வாரத்தோடு வாந்தி நின்றது. ஒரு வாய் ரசம் சாதம் உள்ளே தங்கியதும், 'எங்கேயாவது போகணும்' என்று தோன்றிவிட்டது. இன்னும் ஐந்தாறு மாதத்தில் வீட்டில் இரண்டு குழந்தைகள். அதற்கப்புறம் கடற்கரை என்றால் மெரினாதான், அதுவும் எப்போதோ. கணவருக்குப் பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது.

அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "வயித்துப் பிள்ளைக்காரி கடல் தாண்டக் கூடாது." எங்கள் பக்கத்தில் ஆறு தாண்டுவதற்கே யோசிப்பார்கள். நான் சண்டை போடவில்லை. "அப்ப நீயும் வாம்மா, கூட இருந்து பார்த்துக்கோ" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, "அங்க குளிருமா, சுவெட்டர் எடுக்கணுமா?" என்று கேட்டார்.

என் மருத்துவர் உடனே சரி என்று சொல்லவில்லை. 20வது வாரத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் முடியட்டும், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு இருந்தாலோ, நடுவில் ரத்தக்கசிவு இருந்தாலோ, முதல் பிரசவம் குறைமாதத்தில் ஆகியிருந்தாலோ, இந்த மாதிரி தீவுப் பயணத்துக்கு விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் விமானம் இல்லை. ஹேவ்லாக்கில் இருப்பது சிறிய அரசு மருத்துவமனைதான். பெரிதாக ஏதாவது என்றால் படகிலோ ஹெலிகாப்டரிலோ தலைநகர் போர்ட் பிளேர் போக வேண்டும், அங்கேதான் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. ராத்திரியில் கடல் நடுவே இருக்கும் தூரத்தை மனதில் வைத்து முடிவெடுக்கச் சொன்னார். எனக்கு ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. பயணம் செய்யலாம் என்று ஒரு கடிதமும், ரத்த வகையிலிருந்து ஸ்கேன் வரை எல்லாவற்றின் நகலும் வாங்கிக்கொண்டேன். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல்தான் சான்று கேட்கின்றன, 36 வாரம் தாண்டினால் ஏற்றுவதில்லை. ஆனால் என் வயிறு 22 வாரத்திலேயே 30 வாரம் போல இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார், நான் கடிதத்தை நீட்டினேன், பேச்சே இல்லாமல் முடிந்தது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். (2024 செப்டம்பரிலிருந்து ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக்கும் 2018 டிசம்பரிலேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் முதல் படகுக்காரர் வரை பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) மகளுக்கு இரண்டு வயது தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்ததால் முழு டிக்கெட். அப்போது வயிறு எரிந்தது, விமானத்தில் ஏறியதும் நன்றி சொன்னேன். இரண்டு வயதுக்குள் இருந்திருந்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கோ மடியே பாதிதான் மிச்சம். நடைபாதை ஓர இருக்கை எனக்கு, நடுவில் மகள், ஜன்னல் ஓரம் அம்மா. பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல் அதற்குக் கீழே, தொடையை ஒட்டிப் போட்டேன். கர்ப்பத்தில் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மருத்துவர் சொன்ன இறுக்கக் காலுறையும் போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார். அதற்குத் தனியாக முயற்சி தேவைப்படவில்லை, என் சிறுநீர்ப்பையும் மகளும் மாறி மாறி எழுப்பினார்கள்.

நாங்கள் செய்த பெரிய தப்பு, அன்றைக்கே படகு ஏறியது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து விமானம் பிடித்து, இறங்கி, நாலு மணி நேரம் படகுத்துறைப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மதியப் படகில் ஹேவ்லாக். திட்டத்தில் 'ஒரு நாள் மிச்சம்' என்று எழுதியிருந்தார் கணவர். அந்த மிச்சம்தான் 17 தடவை. நீங்கள் போனால் முதல் ராத்திரி போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். ஊரில் தமிழர்கள் ஏராளம். கடைத்தெருவில் தமிழிலேயே வாங்கிவிடலாம், இட்லியும் கிடைக்கும். அம்மாவுக்குப் பாதி பயம் போனதே, மருந்துக்கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டபோதுதான்.

நாங்கள் போன தனியார் படகு சுமார் ஒன்றரை மணி நேரம். உள்ளே முழுக்க மூடிய ஏசி. கடல் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அரசுப் படகில் மேல்தளத்தில் நிற்கலாம், ஆனால் நேரம் கூடுதல், டிக்கெட் எடுப்பதும் ஒரு கலை. எங்கள் தவறு, முன்பக்கம் நல்ல இருக்கை என்று காசு கூடக் கொடுத்து வாங்கியது. படகின் மூக்குதான் அதிகம் ஏறி இறங்கும். ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியிலும் சற்றுப் பின்னாலும், கீழ்த்தளத்தில். பிப்ரவரியில் கடல் பொதுவாக அமைதி என்பது உண்மைதான், அன்றைக்கும் அமைதிதான். அந்த அமைதியிலேயே மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். குழந்தை மருத்துவர் கொடுத்த வாந்தி மருந்து எங்கே? பெரிய பெட்டியில். பெட்டி எங்கே? படகின் சாமான் குவியலில், இருபது பெட்டிகளுக்கு அடியில். திரும்பி வரும்போது மருந்து, இரண்டு மாற்றுச் சட்டை, பிளாஸ்டிக் கவர், ஈரத் துணி, பொரி எல்லாம் என் தோள்பையில் இருந்தன. அன்றைக்கு அவள் வாந்தியே எடுக்கவில்லை, அது வேறு கதை. எனக்கு என் மருத்துவர் எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டிருந்தேன். கர்ப்பத்தில் எந்த வாந்தி மாத்திரை போடலாம் என்பதை ஊரிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், படகுத்துறைக் கடையில் கேட்காதீர்கள்.

ரிசார்ட்டில் அடுத்த அடி. கர்ப்பிணி, வயதானவர், குழந்தை, எனவே தரைத்தளம் என்று போனில் மூன்று தடவை சொல்லி, சரி சரி என்று கேட்டுக்கொண்டவர்கள், கொடுத்த அறை 22 படி ஏறினால் வரும். மரப்படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். 'கடல் நல்லா தெரியும் மேடம்.' எனக்குக் கடல் தெரிய வேண்டாம், கழிப்பறை தெரிந்தால் போதும். ஒரு மணி நேரம் வரவேற்பறையில் உட்கார்ந்து மாற்றி வாங்கினோம். போனில் பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'தரைத்தளமா' என்று மட்டும் கேட்காமல் 'அறை வாசலுக்கு எத்தனை படி, அறையிலிருந்து மணலுக்கு எத்தனை படி' என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். பல தீவு விடுதிகளில் குடிலே கால்களின் மேல் நிற்கும், தரைத்தளத்துக்கும் ஆறு படி இருக்கும்.

அம்மாவைக் கூட்டிப்போனதே மகளைப் பார்த்துக்கொள்ளத்தான். ஆனால் மணலில் அம்மாவின் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவரே ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் என் தோளுமாக நடந்தார். ஆக, தூக்க முடியாத பெண்கள் இரண்டு பேர், தூக்கக்கூடிய ஆண் ஒருவர், தூக்கச் சொல்லும் ஆள் ஒருத்தி. அவளுக்கோ அப்பா ஆகாது. "அம்மா தூக்கு." அதுவும் தண்ணீரைக் கண்டால், நாயைக் கண்டால், நண்டைக் கண்டால் அம்மாதான்.

தள்ளுவண்டி கொண்டு போயிருந்தோம். மணலில் அதன் சக்கரம் நாலடிகூட உருளவில்லை. அது அறையில் துணி காயப்போடப் பயன்பட்டது.

இரண்டாம் நாள் காலையில்தான் வழி கிடைத்தது. அவள் கை நீட்டி நின்றாள். எனக்குக் குனியவே முடியவில்லை, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளாக ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது உயரம் இல்லை, ஒட்டிக்கொள்வது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு தீவும் தேவைப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து சட்டம் ஒன்று: அம்மா தூக்க மாட்டாள், அம்மா உட்காருவாள். கட்டிலில், படியில், மணலில், படகுத்துறை சிமென்ட்டில், எங்கே அழுதாலும் நான் உட்காருவேன், அவள் ஏறிக்கொள்வாள். இரண்டு நாளில் பழகிவிட்டாள். "அம்மா உக்காரு" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். இதை ஊரிலேயே, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பழக்கியிருக்கலாம். அடுத்த குழந்தை வந்த பிறகும் உதவுகிற பழக்கம் இது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் குனிந்து தூக்காமல், நாற்காலியிலோ படியிலோ அவளை ஏறி நிற்கச் சொல்லி, என் முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டி எடுத்தேன். ஒரு பக்க இடுப்பில் உட்காரவைப்பதை மட்டும் அறவே விட்டுவிட்டேன். இடுப்பு வலிக்கு அதுதான் வேர்.

இந்தச் சட்டம் வந்ததும் எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதும் மாறிப்போனது. எங்கே அழகு என்று பார்க்காமல், எங்கே வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் தூரம் குறைவு, எங்கே உட்கார நிழல் உண்டு என்று பார்க்க ஆரம்பித்தோம்.

ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை, விஜயநகர் கடற்கரைப் பக்கம், இரண்டு வயதுக் குழந்தைக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆனால் நேரம் தெரிய வேண்டும். கடல் உள்வாங்கும்போது தண்ணீர் வெகுதூரம் போய்விடும், பாறையும் பவளமும் வெளியே தெரியும், பெரியவர்கள் நீந்த முடியாது. 'இந்தக் கடற்கரை ஒண்ணுத்துக்கும் ஆகாது' என்று ஒரு தேனிலவு ஜோடி சலித்துக்கொண்டு போனதைக் கேட்டேன். எங்களுக்கு அதுதான் திருவிழா. மணலில் கணுக்கால் அளவுத் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும், வெந்நீர் போட்டது போலக் கதகதப்பாக. அலையே கிடையாது. கடல் மகுவா என்று அங்கே சொல்லும் பெரிய மரங்கள் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிழல் போட்டுக்கொண்டிருக்கும். நான் அந்த நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். மகள் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பாள். மூன்று நாள் அதே வேலை. கடல் ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் இன்று 9 மணிக்கு வந்த குட்டை நாளை பத்துக்குப் பக்கத்தில் வரும். ரிசார்ட் ஆட்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். உடைந்த பவளம் கத்தி மாதிரி கிழிக்கும் என்பதால் அவளுக்கும் எனக்கும் தண்ணீரிலும் கழற்றாத ரப்பர் செருப்பு. டெட்டனஸ் ஊசி எனக்குக் கர்ப்பத்துக்காக ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

ராதாநகர் வேறு மாதிரி. 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020இல் சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. அந்தப் புகழுக்கெல்லாம் தகுதியான இடம்தான். மேற்குக் கரை, அகன்ற வெள்ளை மணல், பின்னால் ஆளுயரத்தைப் போல ஐந்து மடங்கு உயர மரங்கள், உயிர்காப்பாளர்கள், உடை மாற்றும் அறை, கழிப்பறை. கர்ப்பிணிக்குக் கழிப்பறை உள்ள கடற்கரைதான் சிறந்த கடற்கரை, பத்திரிகை என்ன சொன்னால் என்ன. ஆனால் அங்கே அலை உண்டு. திரும்பும் அலை கணுக்கால் அளவு இருந்தாலே இரண்டு வயதுக் குழந்தையின் காலடி மணலைப் பறித்து உட்காரவைத்துவிடும். முதல் அலையிலேயே மகள் விழுந்தாள், கணவர் ஒரு கை தூரத்தில்தான் இருந்தார், அதற்குள் மூக்கில் தண்ணீர். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான், அதை நம்பி ஓரடி தள்ளி நிற்காதீர்கள். கடற்கரையின் ஒரு ஓரமாக நடந்து போனால் அமைதியான ஒரு சிறு குடா வரும், பார்த்தால் குழந்தையை இறக்கிவிடத் தோன்றும். 2010இல் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை உவர்நீர் முதலை கொன்றது அந்தப் பக்கத்தில்தான். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில், ஓடை கடலில் சேரும் இடத்தில், பொழுது சாய்ந்த பிறகு, தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்திலேயே இருங்கள்.

நான் தண்ணீரில் இறங்கினேனா? இறங்கினேன். கடல் ஏறி நிறைந்த நேரத்தில், விஜயநகர் பக்கம், இடுப்பளவு. அந்த நிமிடத்தை மட்டும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்த எடை திடீரென்று இல்லை. முதுகு எனக்கே திரும்பக் கிடைத்தது போல இருந்தது. உள்ளே அந்தப் பிள்ளை இரண்டு உதை உதைத்தது. பத்து நிமிடம் மிதந்தேன். கரையில் அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆழ்கடல் நீச்சல் என்கிற ஸ்கூபா கர்ப்பிணிக்குக் கிடையவே கிடையாது. ஆழத்தின் அழுத்தத்திலிருந்து மேலே வரும்போது ரத்தத்தில் உண்டாகும் குமிழி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடும். தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிக் கடலடியில் நடத்திக் கூட்டிப்போவதும் அதே அழுத்தம்தான், 'நீச்சல் தெரிய வேண்டாம், எல்லாரும் போகலாம்' என்று அழைப்பார்கள், போகாதீர்கள். ஹேவ்லாக்கிலேயே இருக்கும் எலிஃபன்ட் பீச்சுக்குப் பெரும்பாலும் விரைவுப் படகில்தான் போவார்கள். அது அலைமேல் தூக்கித் தூக்கிப் போடும். கணவரை மட்டும் அனுப்பிவைத்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

இனி பயந்த கதை. நான்காம் நாள், ராதாநகரில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று மதியம் 2 மணிக்கே கிளம்பினோம். படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர் போல, ஆட்டோவில், குண்டும் குழியும். போனதும் மகளோடு வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் பாட்டில் ஆட்டோவிலேயே தங்கிவிட்டது. நாலு மணி சுமாருக்கு வயிறு கல் மாதிரி இறுகியது. விட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி. மூன்றாம் தடவை நான் எதுவும் பேசாமல் மர நிழலில் இடப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டேன். கணவர் முகத்தில் ரத்தம் இல்லை. அம்மா மட்டும் நிதானமாக இருந்தார். இளநீர் வாங்கிவரச் சொல்லி, முந்தானையை நனைத்து என் பிடரியில் போட்டார். இரண்டு இளநீரும் ஒரு லிட்டர் உப்புச்சர்க்கரைக் கரைசலும் உள்ளே போய், சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகு, அரை மணி நேரத்தில் இறுக்கம் நின்றது. அதற்குள் சென்னையில் மருத்துவரோடு வீடியோவில் பேசிவிட்டோம். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டதிலிருந்து தீவில் இணையம் பரவாயில்லை. உடம்பில் நீர் குறைந்தால் கர்ப்பப்பை இப்படி இறுகிக் காட்டும் என்றார். ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவைக்கு மேல் வந்தாலோ, படுத்துத் தண்ணீர் குடித்தும் நிற்காவிட்டாலோ, ரத்தமோ நீரோ கசிந்தாலோ, குழந்தை அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, யோசிக்காமல் மருத்துவமனை, அடுத்த படகில் போர்ட் பிளேர் என்றார். அந்த நாலு விஷயத்தையும் கணவர் கைபேசியில் குறித்துக்கொண்டார். கிளம்புவதற்கு முன்பே குறித்திருக்க வேண்டியது.

சூரியன் மறைவதை அன்றைக்குப் பார்த்தேன், படுத்தபடி, பக்கவாட்டில்.

அந்த ஊர் சூரியன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடிகாரமே அங்கும், ஆனால் ஊர் வெகு கிழக்கே இருக்கிறது. பிப்ரவரியில் ஆறு மணிக்கு முன்பே பளிச்சென்று விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். மகள் ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்தாள். முதல் நாள் அவளைத் தூங்கவைக்கப் போராடினோம், பிறகு விட்டுவிட்டு நாங்களும் அவளோடு எழுந்தோம். 6 மணியிலிருந்து 9 வரை கடற்கரை, பிறகு குளியல், சாப்பாடு, 11 முதல் 3 வரை அறையில் தூக்கம், மூன்றரைக்கு மேல் மறுபடி கடற்கரை, ராத்திரி ஏழரைக்கு எல்லோரும் படுக்கையில். உச்சி வெயில் எங்கள் மேல் படவே இல்லை, அந்த நான்காம் நாள் தவிர. விடிகாலைக் கடற்கரையில் எங்களையும் இரண்டு நாய்களையும் தவிர யாரும் இல்லை.

சாப்பாடு பயந்த அளவுக்கு இல்லை. தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் ஹேவ்லாக்கில் அதிகம், சின்னக் கடைகளில் பருப்பும் சோறும் மீன் குழம்பும் நம் வீட்டு ருசிக்குப் பக்கத்தில் இருக்கும். மகள் ஐந்து நாளும் பருப்புச் சாதம், வாழைப்பழம், பூரி மாதிரி இருக்கும் லூச்சி. நான் மீன் சாப்பிட்டேன், நன்றாக வெந்த சின்ன மீன்களாகக் கேட்டு. சுறா, பெரிய சூரை, மயில் மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், வயிற்றுக் குழந்தையின் மூளைக்கு ஆகாது. அம்மாவுக்கு இது புதுச் செய்தி. "பால் சுரக்க சுறாப்புட்டுதானே குடுப்போம்?" என்றார். அது பிரசவத்துக்கு அப்புறம் பேச வேண்டிய வழக்கு என்று ஒத்திவைத்திருக்கிறேன். வெட்டிவைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ், பாதி வெந்த இறால் எதையும் தொடவில்லை. குடிக்க மூடியிட்ட தண்ணீர், இல்லாவிட்டால் இளநீர்.

மணல் ஈ என்று ஒரு ஜந்து. கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். உலர்ந்த மணலில் வெறுமனே உட்காராமல் கனமான விரிப்புப் போட்டு, கால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். அதே எண்ணெய் உப்புத் தண்ணீரில் தொடை உரசிப் புண்ணாவதற்கும் மருந்து. கொசுவுக்கு வலை உண்டா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு முழுக்கை நீச்சல் உடை போட்டால் சன்ஸ்கிரீன் போராட்டம் முகத்தோடு முடிந்துவிடும். சாதாரண டயப்பர் கடலில் ஊறித் தர்பூசணி அளவு வீங்கும், நீச்சலுக்கான டயப்பர் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தீவில் விலையும் அதிகம், அளவும் கிடைக்காது.

திரும்பும் வழியில் ஒரு ராத்திரி போர்ட் பிளேரில் தங்கினோம். அம்மாவுக்கு வெற்றிமலை முருகன் கோயில். கடல் தாண்டினதற்குப் பரிகாரம் போல மூன்று சுற்றுச் சுற்றினார். செல்லுலார் சிறைக்கு அவரும் கணவரும் போனார்கள், படியும் வெயிலும் வேண்டாம் என்று நானும் மகளும் அறையில் தூங்கினோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

மறுநாள் விமான நிலையம். அந்தமானிலிருந்து பவளம், சிப்பி, கடற்கரைப் பொருள் எதையும் எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம். எனக்குத் தெரியும், அதனால் எங்கள் பெட்டிகளை முந்தின ராத்திரியே உதறிப் பார்த்திருந்தேன். மகளின் குட்டி முதுகுப் பையைப் பார்க்கவில்லை. சோதனை இயந்திரத்தைத் தாண்டி அந்தப் பை ஓரமாகத் தள்ளப்பட்டது. சீருடைக்காரர் திறந்தார். பொம்மை, ஒரு சாக்ஸ், பாதி பிஸ்கட், அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைப் பவளத் துண்டு ஒன்று. அவர் சிரித்துவிட்டார். மேசை ஓரத்தில் ஒரு பெட்டி, அதில் ஏற்கெனவே யார் யாரோ விட்டுப்போன சங்குகள். "பாப்பா, இதில் போட்டுடு" என்று இந்தியில் சொன்னார். மகள் போட்டாள். போட்டுவிட்டு ஊரே கேட்க அழ ஆரம்பித்தாள். கை நீட்டினாள், பிறகு ஞாபகம் வந்தது போல கையை இறக்கிக்கொண்டு, "அம்மா உக்காரு."

பின்னால் வரிசை நின்றிருந்தது. நான் அங்கேயே, வழுவழு தரையில், காலை மடக்கி உட்கார்ந்தேன். அவள் ஏறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வயிற்றின் மேல் கால் போட்டுக்கொண்டு விசும்பினாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அழுகை நின்றது.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார். "அதெல்லாம் சரிடி," என்றார், "இப்ப உன்னை யாரு தூக்கி விடுறது?"